வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

என் சின்ன மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நெலத்தை யார் பார்ப்பது என்று நானும் தட்டிக்கழித்துக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் வெளிநாடு பார்க்காதவள் என்று என்னை ஒருத்தரும் சொல்ல முடியாது. போன புரட்டாசியில் ஒரு வாரம் கும்மிடிப்பூண்டியில் இருந்துவிட்டு வந்தேன். எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஆனால் டீக்கடையில் தெலுங்கு, பஸ்ஸில் இந்தி, பக்கத்து ரூமில் ஒடியா, கம்பெனி வாசலில் நின்று குனிந்து குனிந்து கும்பிடுகிற ஜப்பான்காரர். வெளிநாடு என்றால் வேறே எப்படி இருக்கும்?

எங்கள் ஊருக்குக் கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் போக வேண்டும். நன்செய் நெலம் இருக்கிறது. வீட்டுக்காரர் போன பிறகு ஆள் வைத்து, தண்ணி கட்டி, நெல்லு போட்டு, எல்லாம் நான்தான். ஒருத்தரிடம் கைகட்டி நின்றதில்லை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எழுதினால் கொம்பும் காலும் விட்டுப்போகும். அதையெல்லாம் மருமகள் கவிதா போட்டுக் கொடுத்தாள். மற்றதெல்லாம் என் பேச்சுதான்.

கவிதா பெரிய மகனின் மனைவி. சென்னையில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். உன் மருமகளுக்கு இன்னா வேலை என்று யாராவது கேட்டால் ரொம்ப நாள் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிவிடுவேன். மாட்டைப் பார்க்க டாக்டர் வருகிற மாதிரி, கம்பெனியைப் பார்க்கிற டாக்டர். கம்பெனி, கவர்மென்ட் ஆபீஸ் எதுவானாலும் போய் உட்கார்ந்து, வேலை எங்கே சிக்கிக்கொண்டு நிற்கிறது, எப்படி எடுத்துவிடலாம் என்று பார்த்துச் சொல்வாள். ஒருமுறை ஒரு பாலத்தைப் பார்க்கப் போனாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழும்பி வந்து, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி நடுவில் சேராமல் வருஷக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வேறே வேறே ஆபீஸாம். நீ எப்போ முடிப்பே என்று ஒருத்தர் இன்னொருத்தரை வாய்விட்டுக் கேட்டதே இல்லையாம். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆனது.

இந்த முறை தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி. காருக்கு உள்ளே ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். வேலை எல்லாம் பொம்பளைப் பிள்ளைகள். அதில் ஒரு வரிசையில் மட்டும் பிள்ளைகள் நிற்பதில்லை. கொஞ்ச மாசம் வருவார்கள், திடீரென்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். அந்த வரிசைக்கு சூப்பர்வைசர் ஒடிசாக்காரர், பேர் பிஜய். ஆபீஸில் கேட்டால், வருவாங்க சார், வருவாங்க என்று மட்டும் சொல்கிறாராம். அதனால் ஆபீஸுக்கு அவர் மேல் சந்தேகம். இந்த ஆள் ஏதோ செய்கிறான், அதுதான் பெண்கள் ஓடுகிறார்கள், அதை மூடி மறைக்கிறான் என்று. சனிக்கிழமை கவிதா வந்து என்னவென்று சொல்ல வேண்டும். அவள் சொல்வதைப் பொறுத்துத்தான் அந்த ஆளை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு.

பெண்கள் சொல்லாமல் ஓடினால் ஆம்பளை மேல்தான் தப்பு, இதற்கு இன்னாத்துக்கு ஆராய்ச்சி என்றேன்.

"முன்னாடியே முடிவு பண்ணிட்டா ஆராய்ச்சி எதுக்கு அத்தை?" என்றாள் கவிதா.

அந்த ஊரில் அவள் ஒரு வாரம் தனியாக இருப்பதாகச் சொன்னாள். எங்களுக்கு நடவு முடிந்துவிட்டது. களை எடுக்க இன்னும் நாள் இருந்தது. நானும் வரேன் என்று பையை எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் ரயிலிலேயே போய்விட்டது. கும்மிடிப்பூண்டி வண்டியை நடு வழியில் நிறுத்தி, நிலக்கரி ஏற்றிய கூட்ஸை முன்னால் விட்டார்கள். அந்தக் கூட்ஸுக்கு முடிவே இல்லை. எங்கள் பெட்டியில் பாதிப் பேர் இறங்கித் தண்டவாளத்து ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கொய்யாப்பழம் விற்கிற பொம்பளை ஒருத்தி கூடையை என் காலடியில் வைத்துவிட்டு இறங்கியவள், வண்டி கிளம்பியபோது வேறே பெட்டியில் ஏறிவிட்டாள். ஸ்டேஷன் ஸ்டேஷனாக எட்டிப் பார்த்துக்கொண்டு அந்தக் கூடைக்குக் காவல் இருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு பழம் கொடுத்தாள். எங்கள் கொல்லைக் கொய்யா மாதிரி வராது. ஆனால் கெட்ட பழம் என்று சொல்ல முடியாது.

தங்கின இடம் வரிசையாகக் கட்டின ரூம்கள். ஒரு ரூம், ஒரு சமையல் மேடை, வெளியே பொதுக் குழாய். வீட்டுக்கார அம்மா தெலுங்குக்காரி. யாரைப் பார்த்தாலும் நைனா, நைனா என்பாள். அன்று சாயங்காலம் குழாயடியில் ஒரு ஒல்லியான ஆள் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கவிதா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, அவர்தான் அத்தை அந்த சூப்பர்வைசர், பக்கத்து ரூமில் இருப்பார் என்று எனக்கும் தெரியாது என்றாள். அவரிடம் கம்பெனிப் பேச்சு எடுக்கக் கூடாது, அவர் வீட்டில் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டாள்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொண்டாட்டி பாத்திரத்தைத் தேய்க்கிற ஆம்பளையை நம்பலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் அந்த மாதிரி ஆள் இல்லை, அதனால் வழக்கம் தெரியவில்லை.

மறுநாள் கவிதா கம்பெனிக்குப் போனதும் கதவைத் தட்டி அந்த ஆளின் மனைவி வந்தாள். மமதா என்று பேர். வயிற்றில் பிள்ளை, ஐந்து மாசம் இருக்கும். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பாஷை வராது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நின்றோம். கையில் ஒரு கிண்ணம். மூடியைத் திறந்தால், இன்னா சொல்ல, பழையது. தண்ணி ஊற்றின சோறு. எங்கள் வீட்டுப் பானையில் இருந்து எடுத்துவந்த மாதிரி அதே புளிப்பு வாசனை. அவள் அதை பகாளா என்கிறாள். பக்கத்தில் வறுத்த மீன் வைத்திருந்தாள். புரட்டாசி, புரட்டாசி என்றேன். புரியவில்லை. கத்திச் சொன்னால் புரியும் என்பது போல இன்னும் சத்தமாகச் சொன்னேன். பயந்துபோய் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்புறம் சுட்ட கத்திரிக்காயை மசித்து, கடுகெண்ணெய் விட்டுக் கொண்டுவந்தாள். அந்த எண்ணெய் மூக்கில் ஏறியது. இரண்டாவது வாயில் பழகிவிட்டது.

கவிதா போட்ட கண்டிஷன் ஞாபகம் வந்தது. ஆராய்ச்சி பண்ணுகிறவள் சாப்பிடக் கூடாது. நான் இன்னா ஆராய்ச்சியா பண்ணுகிறேன்? வழித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அந்த பிஜய் வந்து வாசலில் நின்றார். மமதா என்ன தப்பு செய்தாள், ஏன் அம்மா கோபித்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். புரட்டாசி மாசம் பெருமாளுக்கு உகந்த மாசம், கவிச்சி கிடையாது என்று விளக்கினேன். அவர் திரும்பி மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எங்களுக்கும் அந்த மாதிரி மாசம் உண்டு, அது அடுத்த மாசம் வரும், அப்போது மீன் வாசனைகூட ஆகாது என்கிறாள் என்று சொன்னார். சாமி ஒன்றுதான், மாசம்தான் கொஞ்சம் பிந்திப் போகிறது.

நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து, கல் பொறுக்கின அரிசி மாதிரி வைத்தார். போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். எனக்கு வாய் நிற்கவில்லை.

"உன் லைன்ல பொண்ணுங்க ஏன்பா நிக்கிறதில்ல?" என்று கேட்டே விட்டேன்.

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "வருவாங்க அம்மா. எல்லாரும் என்கிட்ட சொல்லிட்டுதான் போனாங்க. வரேன் சொன்னாங்க."

நல்லா பூசி மெழுகுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதைக் கவிதாவிடம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது. சாட்சியை நீங்களே கலைத்துவிட்டீர்கள் என்றாள். ராத்திரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்து ரூமில் மமதா பாட்டு மாதிரி எதையோ முனகிக்கொண்டிருந்தது சுவர் வழியாகக் கேட்டது. இந்த வேலை போனால் அந்தப் பெண் இந்த வயிற்றோடு ரயில் ஏறிப் போக வேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் கவிதா மூக்குக் கண்ணாடியை மேடை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரே நிற்கிறவன் மாமனா மச்சானா என்று தெரியாது. போன் போட்டால் எடுக்கவில்லை. உள்ளே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். சரி, நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று புடவை மாற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். மத்தியான ஷிஃப்டுக்குப் போகிற கம்பெனி பஸ் வந்து நின்றது. வெள்ளைப் பஸ், உள்ளே நீலச் சட்டை போட்ட பெண்கள். தேர்வாய் கண்டிகையா என்று கேட்டேன். ஆமாம் ஏறு பெரிம்மா என்றார்கள். ஏறிவிட்டேன்.

தேர்வாய் கண்டிகை என்றால் ஒரு கம்பெனி என்று நான் நினைத்திருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் எங்கள் ஊரில் நெலம் இருக்கிற மாதிரி கம்பெனி இருக்கிறது. வரப்புக்குப் பதில் சுவர். எல்லாப் பஸ்ஸும் வெள்ளை. எல்லாச் சட்டையும் நீலம். நான் ஏறினது பாட்டில் மூடி செய்கிற கம்பெனி பஸ்.

அது எனக்குத் தெரிந்ததே பாதி வழியில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், பேர் ரேவதி, ஊர் ஆரணி, பட்டு நெய்கிற ஆரணி இல்லை, எங்கள் மாவட்டத்து ஆரணி, எந்த டிபார்ட்மென்டுக்கு பெரிம்மா புதுசா சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். நான் ஒயர் கட்டுற கம்பெனிக்குப் போகிறேன், என் மருமகள் அங்கே டாக்டர் மாதிரி என்றேன். அய்யோ அது வேற கம்பெனி என்று தலையில் கைவைத்தாள். அப்புறம், அந்தக் கம்பெனி எனக்கு நல்லாத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன் என்றாள்.

யார் லைனில் என்று கேட்டேன். பிஜய் சார் லைன் என்றாள்.

எனக்குக் காது விறைத்துக்கொண்டது. ஆள் எப்படி என்று கேட்டேன். தங்கமான மனுஷன், ஒரு வார்த்தைகூடத் தடித்து வராது என்றாள். பின்னால் இருந்தவளும் அங்கேயே இருந்தவளாம். மாசமாயிருந்தபோது அவர்தான் உட்கார ஸ்டூல் வாங்கிக் கொடுத்தார் என்றாள். அப்புறம் ஏன் விட்டீர்கள் என்றால், பஸ்தான் காரணம். ஒயர் கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். ஆரணியில் இருந்து விடியாத நேரத்தில் ஷேர் ஆட்டோ தேடி, பிராந்திக் கடை முனையில் நின்று ஏற வேண்டும். மூடிக் கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வருகிறது. அவ்வளவுதான்.

"அதுக்காக அந்த மனுஷன்கிட்ட சொல்லாம கொள்ளாமவா வந்துடுவீங்க?" என்று கேட்டேன். நெலத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவள், எனக்கு அது பொறுக்காது.

ரேவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "யார் சொன்னது சொல்லாம வந்தோம்னு? கடைசி நாளு அவரு எதிர்ல போயி நின்னு, வரேன் சார்னு சொல்லிகினுதான் வந்தேன். அவரும் சரிம்மா வான்னாரு. சொல்லாம வர்றதுக்கு அது இன்னா எழவு ஊடா?"

ஆமாம், சாவு வீட்டில்தான் சொல்லாமல் எழுந்து போவோம். அவள் சொன்னது நியாயம்தான். அந்த ஆளிடம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள், ஆபீஸில் வீணாகப் பேசுகிறார்கள் என்று அதோடு அதை விட்டுவிட்டேன். என் கவலை எல்லாம் கையில் இருந்த கண்ணாடி மேல்.

மூடிக் கம்பெனி வாசலில் இருந்த செக்யூரிட்டி திருவள்ளூர்க்காரர். வீரராகவர் கோயில் பின்தெரு. என் ஊர்ப் பேரைச் சொன்னதும் நாற்காலி போட்டு, தண்ணி கொடுத்து, தான் கொண்டுவந்த புளிச்சோற்றில் பாதியைக் கொடுத்தார். எல்லாக் கம்பெனிக்கும் சாயங்கால டிபன் போடுகிற வேன் ஒன்று வரும், அதில் ஏற்றிவிடுகிறேன் என்றார். அப்படித்தான் நான் அந்த ஒயர் கம்பெனிக்குப் போனேன், டீ கேனுக்கும் சுண்டல் அண்டாவுக்கும் நடுவில் உட்கார்ந்து. பள்ளத்தில் வேன் குதிக்கிறபோதெல்லாம் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இறங்கினபோது என் புடவை பூரா சுண்டல் வாசனை.

கவிதா வருகிறவரைக்கும் என்னை ஷூ மாற்றுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். வெளிச் செருப்போடு உள்ளே போகக் கூடாதாம். ஒவ்வொருத்திக்கும் ஒரு நீல ஷூ, மேலே பேர் எழுதி ஒட்டி, மாடத்தில் வைத்திருக்கிறார்கள். கடைசி வரிசை மாடத்தில் மட்டும் ஷூ எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு ஷூவின் மேல் ரே, வ, தி.

ஆபீஸ் மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். வாட்டசாட்டமான ஆள், நல்ல தமிழ். இது யார் ஷூ, ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்டேன். ஓடிப்போனவர்களுடையது, புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சொன்னால் அந்த பிஜய் கொடுக்க மாட்டேன் என்கிறார், தினம் துடைத்து வைக்கிறார், பொய்யை இப்படியுமா காப்பாற்றுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. கவிதா வந்து கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, என்ன அத்தை இது, சுண்டல் வாசனை என்றாள்.

அன்று ராத்திரி சப்பாத்தி போட்டோம். என் பஸ் கதையைச் சொல்லச் சொல்ல அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். முந்தின நாள் கோபம் போய்விட்டது. ரேவதி என்னைக் கேட்ட கேள்வியை அவள் மாதிரியே சொல்லிக் காட்டினேன். சொல்லாம வர்றதுக்கு அது இன்னா எழவு ஊடா, வரேன் சார்னு சொல்லிகினுதான் வந்தேன், என்று. கவிதா சப்பாத்தியைப் பிட்டவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அத்தை, திரும்பச் சொல்லுங்க. என்னன்னு சொன்னாளாம்?"

"வரேன் சார்னு."

"அதுக்கு அவரு?"

"சரிம்மா, வான்னாராம்."

கவிதா தட்டைத் தள்ளிவைத்தாள். பிஜய் போனைப் பார்த்துத் தமிழ் கற்றவர், அதில் வரேன் என்றால் வருகிறேன் என்றுதானே போட்டிருக்கும் என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் விளங்கியது. நாம் வரேன் என்றால் போகிறேன் என்று அர்த்தம். போகிறேன் என்ற சொல்லை வாசலில் நின்று யாரும் சொல்ல மாட்டோம், அது ஆகாது. பிறந்ததில் இருந்து சொல்லிவருகிற எனக்கே அந்த இரண்டும் வேறே வேறே என்று தோன்றினதில்லை. அந்த மனுஷனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பெண்கள் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டு ஷூவைத் துடைத்து வைத்திருக்கிறார். ஆபீஸில் வருவாங்க வருவாங்க என்று நின்றிருக்கிறார்.

அவன் பூசி மெழுகுகிறான் என்று நான் நினைத்தேனே. சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நான் உடனே போய் அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன். கவிதா விடவில்லை. ஒருத்தி சொன்னது போதாது, மற்றவர்களையும் கேட்க வேண்டும் என்றாள். அதற்காக அடுத்த நாள் பூரா ஆரணியில் சுற்றினோம். ரேவதி லீவு போட்டுக் கூட வந்து வீடு வீடாகக் காட்டினாள். கடைத்தெருவில் நாஷ்டா சாப்பிட்டோம், பூரியும் கிழங்கும். பூரி நன்றாகத்தான் இருந்தது, கிழங்கில் காரம் போதாது. ஆரணி ஆற்றில் கொஞ்சம் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நெல் எங்கள் பக்கத்தைவிட முன்னாலேயே நட்டிருந்தார்கள். பச்சை நல்ல பச்சை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், கவிதா வந்து கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

கேட்ட வீட்டில் எல்லாம் அதே பேச்சுதான். சொல்லிட்டுதான் வந்தோம், வரேன் சார்னு சொன்னோம். இதில் ஒருத்தி மட்டும் வேறே மாதிரி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனவள், நிஜமாகவே திரும்பி வருவதற்குத்தான் வரேன் என்று சொன்னாளாம். அப்புறம் ஆபீஸில் இருந்து, நீ சொல்லாமல் நின்றுவிட்டாய், பேரை எடுத்தாயிற்று என்று போனில் செய்தி வந்ததும் வெட்கப்பட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். உன் ஷூ அங்கேயே இருக்கிறது என்று நான் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் பூரா கவிதா லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். நான் டீ போட்டுப் போட்டு வைத்தேன். பேஜாரு பிடித்த வேலை, நாற்று நடுவது மேல்.

சனிக்கிழமை விடிந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை. நான் தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு, பச்சரிசி மாவு இடித்து, வெல்லம் சேர்த்து மாவிளக்கு போட்டேன். மமதா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. கம்பெனியில் இன்று கூட்டம் என்று மட்டும் தெரியும். அவள் புருஷன் அன்று சட்டையை இரண்டு முறை மாற்றிக்கொண்டு போனதை நானும் பார்த்தேன். நான் கோவிந்தா என்றேன், அவள் ஜகன்னாதா என்றாள். விளக்கு எரிந்து முடிகிறவரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

கூட்டத்தில் நடந்ததைக் கவிதா வந்து சொன்னாள். அவள் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னதும் மேனேஜர் நம்பவில்லையாம். இனிமேல் சூப்பர்வைசருக்கு எல்லாம் நான் தமிழ்ப் பாடம் எடுக்க வேண்டுமா என்று கேட்டாராம். அப்போது அந்த ஜப்பான்காரர், வேலையைச் சீர்படுத்த அங்கிருந்து வந்திருக்கிறவர், கையைத் தூக்கினாராம். அவர் சொன்னதை ஒருத்தர் இங்கிலீஷில் சொல்ல, கவிதா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எங்கள் ஊரிலும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம். உள்ளே இருப்பவர்கள் போய்விட்டு வா என்பார்கள். என் அம்மா இப்போதும் சொல்கிறாள். இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்ததைச் சொல்லியிருக்கிறார்."

அதோடு பிஜய் மேல் இருந்த பேச்சு முடிந்தது. அவரே அந்த லைனில் இருப்பார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவைப் பார்க்கப் போனவளை மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். இனி யார் வரேன் என்று சொன்னாலும், எப்போ என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான் கவிதா சொன்ன மருந்து. பஸ்ஸை ஆரணிக்குள் விடுவதைப் பற்றி மேனேஜர், பார்க்கலாம் என்றாராம். அதையும் அந்த ஜப்பான்காரருக்கு விளக்கிவிட்டு வந்திருக்கலாம் என்றேன். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். விளக்கிவிட்டேன் அத்தை, அதனால்தான் எந்த மாசத்துக்குள் என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார் என்றாள்.

பிஜய் வந்தபோது இருட்டிவிட்டது. மமதாவிடம் அவர்கள் பாஷையில் நிதானமாகச் சொன்னார். அவள் முதலில் அழுதாள், அப்புறம் சிரித்தாள். ஒரு வார்த்தைக்கா இத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தீர்கள் என்று கேட்கிறாள் என்று அவர் எங்களுக்குச் சொன்னார். அன்று மாவிளக்கு மாவை உருட்டி நாலு பேரும் சாப்பிட்டோம். கவிதாவும் சாப்பிட்டாள். இனி ஆராய்ச்சி இல்லை, தைரியமாகச் சாப்பிடலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வந்து நின்றது. பையை ஏற்றினோம். மமதா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் எப்போதும் போல, "வரேன்பா, வரேன் தாயி" என்று சொல்லிவிட்டு ஒரு காலை ஆட்டோவில் வைத்தேன்.

"எப்ப அம்மா?" என்றார் பிஜய்.

கவிதா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வைத்த காலைக் கீழே இறக்கினேன். சும்மா சொல்கிற மாதிரிதான் சொல்லியிருந்தேன். திரும்பி வருகிற நினைப்பே எனக்கு இல்லை. அந்த மனுஷன் கேலி செய்யவில்லை. ஷூவைத் துடைத்து வைத்தவர், பதிலுக்கு நின்றுகொண்டிருந்தார். என் வாழ்நாளில் சொன்ன சொல்லை மாற்றினவள் என்று யாரும் என்னைப் பேசியதில்லை.

மமதாவின் வயிற்றைப் பார்த்தேன். மாசத்தைக் கூட்டிப் பார்த்தேன். "தை மாசம்" என்றேன். "அறுப்பு முடிச்சிகினு, புது அரிசியோட."

அவர் திரும்பி அவளுக்குச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

ஊருக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் என் ரப்பர் செருப்பைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. பழைய செருப்பு. போனால் போகிறது என்று கவிதாவை விட்டுப் போன் போடச் சொன்னேன், தூக்கிப் போட்டுவிடச் சொல்லு என்று. பிஜய் போடவில்லை. கழுவி எடுத்து வைத்திருக்கிறேன், அம்மா தை மாசம் வரேன்னு சொல்லியிருக்காங்க என்றாராம்.

இப்போது தை. அறுப்பு முடிந்தது. நெல்லை அவித்துக் காயவைத்து அரைத்து, ஒரு மூட்டையைத் தனியாகக் கட்டி வைத்துவிட்டேன். போன வாரம் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவும் பிள்ளையும் சுகம். சிங்கப்பூர் மகன் போனில், இந்த வருஷமாவது வாம்மா என்றான். அதற்கு முன்னால் எனக்கு வேறே வெளிநாடு போக வேண்டியிருக்கிறது என்றேன்.

நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன். கவிதாவுக்கு வேறே கம்பெனி வந்துவிட்டது, நான் மட்டும்தான். பக்கத்து வீட்டு தனலட்சுமியிடம் சாவியைக் கொடுத்து, மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, வரேன்டி என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள், எப்போ என்று கேட்கவில்லை. நானே திரும்பி நின்று சொன்னேன்.

"பிள்ளைக்குப் பேரு வச்சிட்டு, மறுநாளு."